ரீப்ளே எல்லாருக்கும் தெரியுது... காரணம் யாருக்குத் தெரியுது?

2024 ஜூன் 11, இரவு. கத்தார் தலைநகர் தோஹாவில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். இந்தியாவுக்கு அது சாதாரண மேட்ச் இல்லை. ஐந்து நாள் முன்புதான் சுனில் சேத்ரி கொல்கத்தாவில் ஆடி, சர்வதேசக் கால்பந்துக்கு விடை சொல்லியிருந்தார். அவர் இல்லாமல் இறங்கிய முதல் ஆட்டம். ஜெயித்தால் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குப் போகலாம். அதுவரை இந்தியா அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

37-வது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்டே கோல் அடித்தார். 1-0. அப்படியே ஒரு மணி நேரம் தாண்டியது. 73-வது நிமிடத்தில் கத்தாருக்கு ஒரு ஃப்ரீ கிக். யூசுஃப் ஐமன் தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்துவிட்டார். தடுத்த பந்து உருண்டு, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போனது. அடுத்து கார்னர்தான் என்று நினைத்து இந்திய வீரர்கள் நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுக்க, ஐமன் அதைத் தட்டி வலைக்குள் விட்டார்.

ரெஃப்ரி, கோல் என்றார். இந்திய வீரர்கள் சுற்றி நின்று முறையிட்டார்கள். உதவி நடுவரிடம் கேட்டுவிட்டு வந்தும் அதையேதான் சொன்னார். 85-வது நிமிடத்தில் கத்தாருக்கு இன்னொரு கோல். 2-1 என்று ஆட்டம் முடிந்தது, இந்தியா வெளியே.

அந்தக் கட்டத் தகுதிச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. டி.வி.யில் ரீப்ளே மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. பாளையம்பட்டியில் செல்போனில் பார்த்தவருக்கும் பந்து வெளியே போனது தெரிந்தது. பத்து, இருபது அடி தள்ளி நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களுக்கு மட்டும்தான் அதைப் பார்க்க வழியில்லை!

அந்த கோல் இல்லாவிட்டால் இந்தியா ஜெயித்தே இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. மிச்சம் இருந்த நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். ஆனால், நியாயமாகத் தோற்பது வேறு, இப்படித் தோற்பது வேறு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் புகார் எழுதி, விசாரணை கேட்டது. முடிவு மாறவில்லை.

'அப்போ வி.ஏ.ஆர். வந்துட்டா எல்லாம் சரியாயிடும்' என்று தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

வி.ஏ.ஆர். என்ன செய்யும்?

வி.ஏ.ஆர். என்பது வீடியோ உதவி நடுவர். தனி அறையில் பல திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, மைதானத்தில் இருக்கும் ரெஃப்ரியுடன் காதுக் கருவி வழியாகப் பேசுவார். 2018 மார்ச் மாதம் கால்பந்து விதிகளில் இதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் பயன்பாட்டுக்கு வந்தது.

எல்லா விஷயத்திலும் இவர் தலையிட முடியாது. விதிகளில் இடம் கிடைத்தபோது நான்கே நான்குதான். கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி ரெட் கார்டா, கார்டு தவறான ஆளுக்குப் போய்விட்டதா. அதிலும் ரெஃப்ரி செய்தது 'பளிச்சென்று தெரியும் தவறு' என்றால் மட்டுமே குறுக்கிடலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், எது பளிச்? ஒருவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது இன்னொருவர் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். கை மேல் பந்து படுகிற ஹேண்ட்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். கை இயல்பாக இருந்ததா, உடம்பைப் பெரிதாக்கிக் காட்டுகிற மாதிரி விரிந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரே மாதிரி பட்ட பந்துக்கு இந்த வாரம் பெனால்டி, அடுத்த வாரம் 'விளையாடு' என்றால் ரசிகருக்கு எப்படி இருக்கும்?

ஆஃப்சைடில் இந்தக் குழப்பம் குறைந்துவிட்டது. 2022 உலகக் கோப்பையில் மைதானக் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள் வைத்தார்கள். ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அவை கணக்கெடுத்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. கடைசியில் பொம்மைப் படம் போட்டு மைதானத் திரையிலேயே காட்டினார்கள். அளந்து சொல்லக்கூடிய விஷயத்தில் மிஷின் கெட்டிதான். சண்டை எல்லாம், மனுஷன் முடிவெடுக்க வேண்டிய இடத்திலும், எடுத்த முடிவை வெளியே சொல்லாத இடத்திலும்தான்.

ஒரு பந்து, ஒரு ராத்திரி

தோஹாவில் இந்தியா தோற்ற அன்றைக்கு வந்த அதே கேள்வி, அதற்கு ஒன்றரை வருடம் முன்பு அதே கத்தாரில் ஒரு தடவை வந்தது. 2022 டிசம்பர் 1, உலகக் கோப்பையில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதிய ஆட்டம்.

1-1 என்று இருந்தபோது ஜப்பானின் மிடோமா எல்லைக்கோட்டு ஓரத்தில் காலை நீட்டிப் பந்தை உள்ளே தள்ள, தனாகா அதை கோலாக்கினார். பந்து வெளியே போய்விட்டது என்றுதான் முதலில் முடிவானது. வி.ஏ.ஆர். பார்த்து, 'போகவில்லை, கோல்தான்' என்றது. ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது. அந்த முடிவால் நான்கு முறை உலக சாம்பியனான ஜெர்மனி போட்டியை விட்டே வெளியேறியது.

டி.வி.யில் பார்த்த கோடிக்கணக்கான பேருக்குக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே பச்சைப் புல் தெரிந்தது. 'இது எப்படி கோல்?' என்று உலகமே கேட்டது. ஆனால், விதி அப்படி இல்லை. பந்து தரையில் தொடுகிற இடம் கணக்கில்லை. பந்து முழுசாக, கோட்டை முழுசாகத் தாண்டியிருக்க வேண்டும். பந்து உருண்டை அல்லவா? அடிப்பாகம் கோட்டுக்கு வெளியே இருந்தாலும், அதன் வயிறு கோட்டுக்கு நேர் மேலே துளி நீட்டிக்கொண்டிருந்தால் அது உள்ளேதான். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இது தெரியாது. நேர் மேலிருந்து அல்லது கோட்டுக்கு நேரே பார்க்க வேண்டும். வேண்டுமானால் வீட்டில் ஒரு பந்தை வைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து சோதித்துப் பாருங்கள்.

ஆக, தீர்ப்பு சரி. ஆனால், அது ஏன் சரி என்பதைக் காட்டும் படத்தை ஃபிஃபா வெளியிட்டது மறுநாள்! ராத்திரி முழுக்க உலகம் சண்டை போட்டு முடித்த பிறகு. மைதானத்தில் இருந்தவர்களுக்கும் டி.வி. முன்னால் இருந்தவர்களுக்கும் அந்த நிமிடமே அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கியிருக்கும்.

இந்த இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். தோஹாவில் இந்தியாவுக்குக் கிடைக்காதது கேமரா. ஜப்பான் ஆட்டத்தில் ரசிகருக்குக் கிடைக்காதது விளக்கம். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டாலும் சந்தேகம் மிஞ்சத்தான் செய்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து சம்சாரிகளுக்கு இது புது விஷயம் இல்லை. வானம் பார்த்த பூமியில் விளைந்த மிளகாய் வற்றலை மூட்டை கட்டிக் கொண்டுபோய் எடைக்குப் போடும்போது அவர் கண் எங்கே இருக்கும்? மிஷினில் எரியும் நம்பரில்தான். நம்பர் தன் பக்கமும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பார். 'சரியாத்தான் நிறுத்திருக்கேன்' என்று வாயால் மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்வாரா? வியாபாரி நூற்றுக்கு நூறு நேர்மையானவராகவே இருக்கட்டும், எடை தெரியாவிட்டால் மனசு ஆறாது. இன்றைக்கு ஒரு தராசு, நாளைக்கு ஒரு தராசு என்றாலும் ஆறாது.

'சரிபார்த்தாச்சு' என்ற ஒரு வார்த்தை

மிஷினும் தவறும் என்பதற்கு இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஒரு கதை உண்டு. 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடிய ஆட்டம். வில்லாவின் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். கோட்டைத் தாண்டினால் ரெஃப்ரியின் கைக்கடிகாரம் அதிர வேண்டும். அதிரவில்லை. கோல்கீப்பர், டிஃபெண்டர், கோல் கம்பம் மூன்றும் சேர்ந்து கேமராக்களை மறைத்துவிட்டதாகச் சொல்லி, அந்தக் கருவியை நடத்தும் ஹாக்-ஐ நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. வி.ஏ.ஆரும் வாய் திறக்கவில்லை. ஆட்டம் 0-0.

அந்த சீசன் முடிவில் வில்லாவுக்கு 35 பாயின்ட், போர்ன்மவுத் அணிக்கு 34. ஒரே பாயின்ட் வித்தியாசத்தில் வில்லா தப்பித்தது, போர்ன்மவுத் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த ஒரு டிராவில் கிடைத்த பாயின்டின் விலை அது.

இன்னொரு கதை, 2023 செப்டம்பர் 30. டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். மைதானத்தில் ஆஃப்சைட் என்று கொடி தூக்கினார்கள். வி.ஏ.ஆர். அறையில் பார்த்தார்கள், ஆஃப்சைட் இல்லை. நல்ல கோல். ஆனால், அறையில் இருந்தவர் ஒரு விஷயத்தை மாற்றிப் புரிந்துகொண்டார். மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்து, 'சரிபார்த்தாச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டார். மைதானத்தில் இருந்த ரெஃப்ரிக்கு அது 'ஆஃப்சைட் சரிதான்' என்று கேட்டது! ஆட்டம் தொடங்கிவிட்டது. சில நொடிகளில் தவறு தெரிந்தும், தொடங்கிய ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தரவில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

மூன்று நாள் கழித்து அந்த அறையின் ஒலிப்பதிவை நடுவர் அமைப்பு வெளியிட்டது. அதைக் கேட்டவர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால், 'காசு வாங்கிட்டாங்க', 'வேணும்னே பண்ணிட்டாங்க' என்ற பேச்சுக்கு அதன் பிறகு வேலை இருக்கவில்லை. பதற்றத்தில் மனிதர்கள் வார்த்தையை மாற்றிப் புரிந்துகொண்ட தவறு அது என்பது காதாலேயே கேட்டது. எந்த இடத்தில் பேச்சு வழக்கைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்தது. மூடிவைத்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

கிரிக்கெட் மட்டும் எப்படி சமாளிக்குது?

மூன்றாவது அம்பயர் கிரிக்கெட்டுக்கு வந்தது 1992-ல். டர்பனில் அந்த முறைப்படி முதன்முதலாக ரன் அவுட் ஆனவர் நம்ம சச்சின் டெண்டுல்கர். 2008-ல் கொழும்பு டெஸ்டில் டி.ஆர்.எஸ். சோதனையாக வந்தபோது, முரளிதரன் பந்தில் அந்த முறையால் முதலில் அவுட் ஆனவர் சேவாக். பிடிக்காமல் பல வருடம் விலகி நின்ற இந்தியா, 2016-ல்தான் டி.ஆர்.எஸ்ஸுக்குத் தலையாட்டியது.

இன்றைக்கு வீட்டில் கிரிக்கெட் பார்க்கும் பாட்டிகூட மூன்றாவது அம்பயர் பேசுவதைக் கேட்கிறார். 'நோ பால் இல்லை... பேட்டில் பட்டதா பாருங்க... பந்து எங்கே விழுந்தது காட்டுங்க' என்று ஒவ்வொரு படியாக அவர் சொல்வது டி.வி.யில் ஓடுகிறது. அவர் பார்க்கும் படத்தையே நாமும் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே எழுதிவைத்த விதி. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி ஸ்டம்பை உரசினால் 'அம்பயர்ஸ் கால்', மைதான அம்பயர் சொன்னதே நிற்கும். பிடிக்கிறதோ இல்லையோ, இரண்டு அணிக்கும் அதே அளவுகோல். அதனால் திட்டினாலும், 'எதுக்கு கொடுத்தாங்க?' என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை.

கால்பந்தும் மெதுவாக அந்த வழிக்கு வருகிறது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில், வி.ஏ.ஆர். பார்த்து மாற்றிய முடிவை ரெஃப்ரியே மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் லீக் கோப்பை அரையிறுதியிலும் அதைச் செய்து பார்த்தார்கள். ஆனால், முடிவை அறிவிக்கிறார்களே தவிர, அதற்கு முன் நடந்த பேச்சு இன்னும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது.

கேரளா வெளியேறிய இரவு

படத்தைவிடப் பேச்சு முக்கியம் என்பதற்கு ஐ.எஸ்.எல்லிலேயே உதாரணம் இருக்கிறது. 2014-ல் தொடங்கிய அந்த லீகில் 2024-25 சீசன் வரை வி.ஏ.ஆர். இல்லை.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய நாக் அவுட் ஆட்டம். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சேத்ரி பந்தைத் தட்டி கோலாக்கிவிட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். கேரளா பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்தை விட்டே அழைத்துக்கொண்டு போய்விட்டார்! பெங்களூரு ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. பிறகு கேரளா அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

விதிப்படி ஃப்ரீ கிக்கை விசிலுக்குக் காத்திராமல் சட்டென்று அடிக்கலாம். ஆனால், எதிரணியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி ரெஃப்ரி அந்த வேலையில் இறங்கிவிட்டால், அவர் விசில் அடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்படியென்றால் அன்றைக்கு எழுந்த கேள்வி, சேத்ரியிடம் ரெஃப்ரி என்ன சொன்னார் என்பதுதான். இருபது கேமரா வைத்து இருபது கோணத்தில் காட்டினாலும் அதற்குப் பதில் கிடைக்காது. காதில் கேட்டால்தான் தெரியும். ரெஃப்ரியின் மைக் திறந்திருந்தால், அல்லது அந்த இடத்திலேயே 'இதனால்தான் கோல் கொடுத்தேன்' என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு வரி சொல்ல முறை இருந்திருந்தால், கேரளா ஒத்துக்கொண்டிருக்குமா தெரியாது. ஆனால், எதை எதிர்த்து வெளியே போகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

ரசிகர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த இருட்டில் அதிகம் அடிபடுவது ரெஃப்ரிதான். 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்று இந்தியாவுக்குப் பெருமை சேர்த்த கே.சங்கர் நம் தமிழ்நாட்டுக்காரர். அவர் காலத்தில் கண்ணும் கொடியும் மட்டும்தான் துணை. இன்றைக்கு மைதானத்தில் இருக்கும் எல்லார் கையிலும் கேமரா, அவர் கையில் மட்டும் விசில் என்றால் அது என்ன நியாயம்? காரணத்தை வெளியே சொல்ல வழி கொடுத்தால் அது ரெஃப்ரியின் கௌரவத்தைக் குறைக்காது, காப்பாற்றும்.

குறைந்த செலவில் ஒரு வழி

'இதெல்லாம் பணக்கார லீக் சமாசாரம்' என்று ஒதுக்க வேண்டாம். முழு வி.ஏ.ஆருக்குத் தனி அறை, பயிற்சி பெற்ற வீடியோ நடுவர்கள், நிறைய கேமரா எல்லாம் வேண்டும், உண்மைதான். அதனால்தான் ஃபிஃபா 'ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்' என்று இன்னொரு முறையைக் கொண்டுவந்து, 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் சோதித்தது.

இதில் தனி வீடியோ நடுவரே கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு வாய்ப்பு. சந்தேகம் வந்தால் பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் ஒரு கார்டைக் கொடுப்பார். ரெஃப்ரியே ஓடிவந்து மைதான ஓரத்து டி.வி.யில் பார்த்து முடிவு சொல்வார். முறையீடு சரி என்றால் அந்த வாய்ப்பு மிச்சம். சில கேமராக்கள் இருந்தாலே போதும். கிட்டத்தட்ட டி.ஆர்.எஸ். மாதிரிதான்.

இது யாருக்கு உதவும்? பாளையம்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி., 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையையே தூக்கி வந்த அணி. அந்த மாதிரி அணிகள் ஆடும் லீக்குகளுக்கு, ஐரோப்பா மாதிரி செலவு செய்யும் வரை காத்திருக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய முறை இது. எடுத்துக்கொள்ளும்போதே பேச்சும் படமும் ரசிகருக்குத் தெரியும்படி அமைத்துவிட்டால், மற்ற நாடுகள் பட்ட பாட்டை நாம் படவேண்டியதில்லை.

இன்னும் கீழே இறங்கி வந்தால், தண்ணீர் வற்றிய கண்மாயிலும் கரிசல் பொட்டலிலும் கம்பு நட்டு ஆடுகிற உள்ளூர் டோர்னமென்ட். பள்ளிக்கூட பி.டி. வாத்தியார்தான் ரெஃப்ரி. வேடிக்கை பார்க்கும் ஐம்பது பேரும் போனில் வீடியோ எடுக்கிறார்கள். அரை இறுதியில் ஒரு கோல் தகராறு வந்தால் ஆளுக்கொரு வீடியோவை நீட்டுவார்கள். தனக்குச் சாதகமான வீடியோ இருக்கிறவர் பார்க்கச் சொல்வார், இல்லாதவர் பார்க்கக் கூடாது என்பார்.

அதற்குப் பைசா செலவில்லாத மூன்று வேலை இருக்கிறது. போன் வீடியோ செல்லுமா செல்லாதா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்து, எல்லா அணியையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிடலாம். செல்லும் என்றால் யார் எடுக்கும் வீடியோ, எந்த இடத்திலிருந்து என்பதையும் சேர்த்து. முதல் ஆட்டத்துக்கு என்ன விதியோ அதுவே ஃபைனலுக்கும், உள்ளூர் அணிக்கு என்ன விதியோ அதுவே வெளியூர் அணிக்கும். மூன்றாவது, ரெஃப்ரி முடிவைச் சொல்லும்போது காரணத்தையும் ஒரு வரியில் இரண்டு கேப்டன்களையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். 'பந்து முழுசா கோட்டைத் தாண்டலை, அதனால கோல் இல்லை.' அவ்வளவுதான்.

தோற்ற அணி அன்றைக்கும் முணுமுணுக்கத்தான் செய்யும். ஆனால், அடுத்த வருஷம் பேர் கொடுக்கத் திரும்ப வரும்.